மங்கிப்போன நைட் சைட்டை மாற்றுவதும் ஜீரோ செய்வதும்

இருட்டிலும் குறி தெரிய, பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் மாட்டும், ஒளிரும் புள்ளி வைத்த குறிகாட்டிதான் நைட் சைட். அதற்கு பேட்டரி கிடையாது, சுவிட்சும் கிடையாது. தயாரான நாளிலிருந்து இரவு பகல் பார்க்காமல் எரிந்துகொண்டே இருக்கும். பிஸ்டலைப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் சரி, தினமும் இடுப்பில் சுமந்தாலும் சரி, அது மங்குகிற வேகம் ஒன்றுதான். ஆகவே எந்த நைட் சைட்டுக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். பழையதை எப்படிக் கழற்றுவது, புதியதை எப்படி மாட்டுவது, மாட்டியபின் தோட்டா நினைத்த இடத்தில் போய் விழும்படி எப்படிச் சரிசெய்வது (இதைத்தான் ஜீரோ செய்வது என்பார்கள்) என்பதை முதல்முறை இதில் இறங்குகிறவருக்காகச் சொல்கிறேன்.

உரிமம், ஆயுதத்தில் யார் என்ன வேலை செய்யலாம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் இருக்கும் இடத்தில் உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவர்தான் செய்ய வேண்டும் என்றால் அவரிடமே கொடுங்கள். அப்படிக் கொடுத்தாலும் விஷயம் தெரிந்திருப்பது நல்லதுதான். வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டுமே.

உள்ளே எரிவது என்ன?

சைட்டில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் அரிசியைவிடச் சிறிய ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. குழாயின் உட்சுவரில் துத்தநாக சல்ஃபைடு போன்ற ஒளிரும் பொடி பூசியிருப்பார்கள். உள்ளே டிரிட்டியம் வாயு. டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். 1934-இல் கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டும் ஒலிஃபன்ட்டும் ஹார்டெக்கும் சேர்ந்து முதலில் உண்டாக்கியது. அதன் அணு சிதையும்போது ஒரு எலக்ட்ரான் வெளியே பாய்கிறது. அது பொடியில் மோதும் இடத்தில் ஒரு துளி வெளிச்சம். இப்படிக் கோடிக்கணக்கான மோதல்கள் ஓயாமல் நடப்பதால்தான் புள்ளி நிலையாக ஒளிர்வதுபோல நமக்குத் தெரிகிறது.

அந்த எலக்ட்ரானுக்குச் சக்தி மிகக் குறைவு. காற்றிலேயே சுமார் 6 மில்லிமீட்டர்தான் போகும். கண்ணாடிச் சுவரைத் தாண்டாது, தோலின் மேலே இருக்கும் உயிரற்ற அடுக்கையும் தாண்டாது. எனவே குழாய் முழுசாக இருக்கும்வரை பயப்பட ஒன்றுமில்லை. உடைந்தால் என்ன என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய 12.3 ஆண்டுகள். கணக்குப்படி 5 ஆண்டில் முக்கால்வாசி வெளிச்சம் மிஞ்சும். 10 ஆண்டில் 57 சதவீதம். 20 ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இது வாயுவின் கணக்கு மட்டும். ஓயாமல் அடி வாங்கும் பொடியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோகும் என்பதால் உண்மையில் இதைவிட வேகமாகவே மங்கும். ஆனால் வெளிச்சம் பாதியானால் கண்ணுக்கும் பாதியாகத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். நம் கண் அப்படி அளப்பதில்லை, பாதி வெளிச்சம் "கொஞ்சம் குறைந்திருக்கிறதோ?" என்கிற அளவுக்குத்தான் உறுத்தும். பலர் தங்கள் சைட் மங்கியதையே கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

நிறமும் இங்கே முக்கியம். இருட்டுக்குப் பழகிய கண் பச்சைப் பக்கத்து ஒளியைத்தான் அதிகம் உணரும். சிவப்பை ஏறக்குறைய உணராது. அதனால்தான் பெரும்பாலான நைட் சைட்டுகள் பச்சை. பின் சைட்டில் மட்டும் மஞ்சளோ ஆரஞ்சோ வைப்பதுண்டு. அது அழகுக்காக இல்லை. முன் புள்ளியைவிடப் பின் புள்ளிகள் மங்கலாக இருந்தால் கண் தானாக முன்னால் போகும் என்பதற்காக.

மங்கியதா, உடைந்ததா, வெறும் அழுக்கா?

புதியது வாங்க ஓடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிஸ்டலைக் காலி செய்து (எப்படி என்பது கீழே வருகிறது), விளக்கை அணைத்த அறையில் ஒரு கால்மணி நேரம் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் தேவை. வெளிச்சத்திலிருந்து நேராக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு "சைட் செத்துப்போச்சு" என்று சொல்வது அந்த சைட்டுக்குச் செய்யும் அநியாயம்.

மூன்று புள்ளிகளும் (முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு) ஒரே அளவில் மங்கியிருந்தால் வயதாகிவிட்டது என்று பொருள். ஒன்று மட்டும் மங்கலாக இருந்தால் முதலில் அழுக்கைச் சந்தேகியுங்கள். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது வழியும் எண்ணெயும் கரியும் புள்ளியின் முகத்தில் படிந்து காய்ந்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சியால் மெதுவாகத் துடைத்தால் பல நேரம் உயிர் வந்துவிடும். கடுமையான கரைப்பான்களைப் புள்ளியின் மேல் ஊற்ற வேண்டாம். குழாயைப் பிடித்து வைத்திருக்கும் பசையை அது தின்னும். நேற்றுவரை எரிந்தது இன்று அடியோடு இருட்டாகிவிட்டது என்றால் குழாயில் விரிசல் விழுந்து வாயு வெளியேறியிருக்க வேண்டும். டிரிட்டியம் திடீரென்று தீர்ந்துபோகாது.

தேய்மானம் என்பது விளக்கு மட்டுமல்ல. உறையில் உரசி உரசி முன் சைட்டின் கறுப்பு முனை வெள்ளையாக மின்ன ஆரம்பித்திருக்கும். பகலில் அந்த மினுக்கம் குறியைக் கெடுக்கும். புள்ளியைச் சுற்றியுள்ள வெள்ளை வளையம் மஞ்சளாகியிருக்கும். சைட்டை விரலால் அழுத்தித் தள்ளினால் அசைகிறதா என்றும் பாருங்கள். அசைகிற சைட் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் பயனில்லை.

விளக்கு வேறு, குறி வேறு

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது, ஆகவே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

திறந்த சைட் என்பது இரண்டு இரும்புத் துண்டுகள். பின்னால் நடுவில் சதுரமாக வெட்டப்பட்ட ஒன்று, முன்னால் தூண்போல நிற்கும் ஒன்று. பின்வெட்டின் நடுவில் முன்தூண் தெரிய வேண்டும். தூணுக்கு இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்று சமமாக இருக்க வேண்டும். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இது அமைந்தால் பேரல் (துப்பாக்கிக் குழல்) எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். கண்ணின் கூர்மை முன் சைட்டின் மேல் இருக்கட்டும். பின் சைட்டும் இலக்கும் சற்றுக் கலங்கித் தெரிந்தால் பரவாயில்லை.

ஒளிரும் புள்ளிகள் இந்த விளிம்புகளுக்கு ஒரு துணை, அவ்வளவுதான். இருட்டில் விளிம்பு தெரியாதபோது புள்ளிகளை ஒரே கோட்டில் நிறுத்தினால் விளிம்புகளும் ஏறக்குறைய சேர்ந்துவிடும். ஏறக்குறைய என்ற சொல்லைக் கவனியுங்கள். நல்ல சைட்டுகளில் புள்ளி மட்டமும் விளிம்பு மட்டமும் ஒத்துப்போகும்படி துளையிட்டிருப்பார்கள். சிலவற்றில் சின்ன வித்தியாசம் இருக்கும். அதனால் ஜீரோ செய்வது எப்போதும் பகல் வெளிச்சத்தில், விளிம்பைப் பார்த்து. புள்ளிகளை வைத்து ஜீரோ செய்யாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நைட் சைட் சைட்டைக் காட்டும், எதிரில் நிற்பது யார் என்று காட்டாது. இலக்கை அடையாளம் காண டார்ச் வெளிச்சம் வேண்டும். டார்ச் அடித்தவுடனே முன் சைட் வெறும் கறுப்பு நிழலாகத் தெரியும், புள்ளி கண்ணிலேயே படாது. முழு இருட்டுக்கும் டார்ச் வெளிச்சத்துக்கும் இடையில் இருக்கும் அந்தக் குறுகிய நேரத்துக்கும், அரை இருட்டான இடங்களுக்கும்தான் நைட் சைட்டின் உண்மையான பயன். அதற்காகப் பகல்குறியை விட்டுக்கொடுக்கும் சைட்டை நான் வாங்க மாட்டேன்.

வாங்கும்போது

சைட்டுகள் எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவானவை அல்ல. ஸ்லைடில் (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) வெட்டியிருக்கும் பள்ளத்தின் அளவு மாடலுக்கு மாடல் மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு பிஸ்டல்களுக்குள்கூட மாறலாம். பெரட்டா 92எஃப்எஸ் போன்ற சிலவற்றில் முன் சைட் ஸ்லைடோடு ஒரே இரும்பாக இருக்கும். அதைக் கழற்றவே முடியாது. அங்கே வீட்டு வேலைக்கு இடமில்லை, அதற்கென்று உரிமம் உள்ள இடத்துக்கு ஸ்லைடை அனுப்ப வேண்டும்.

உயரத்தைக் கட்டாயம் பாருங்கள். குளோக் பிஸ்டலின் பின் சைட் 6.1, 6.5, 6.9, 7.3 மில்லிமீட்டர் என்று நான்கு உயரங்களில் வருகிறது; 6.5 வழக்கமானது. 0.4 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குத் தனித்தனியாகச் செய்திருக்கிறார்களே என்று தோன்றலாம். கீழே கணக்கு போடும்போது அதன் நியாயம் புரியும். முன், பின் இரண்டையும் ஒரே ஜோடியாக வாங்குவதுதான் நல்லது. ஒன்றை மட்டும் மாற்றினால் உயரமும் ஒத்துப்போகாது, வெளிச்சமும் ஒத்துப்போகாது. புதிய பின் சைட் பழைய முன் சைட்டைவிடப் பளிச்சென்று இருந்தால் கண் தப்பான இடத்தில் போய் நிற்கும்.

தயாரித்த ஆண்டையும் கேளுங்கள். பெரும்பாலும் சைட்டின் மேலோ பெட்டியிலோ எழுதியிருக்கும். கடை அலமாரியில் 4 ஆண்டு தூங்கிய சைட், நீங்கள் பிரிக்கும் முன்பே ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை இழந்திருக்கும்.

கழற்றுவது

மேகஸினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) வெளியே எடுங்கள். ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, சேம்பரை (பேரலின் பின்முனையில் தோட்டா ஏறும் அறையை) கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். வேலை செய்யும் மேசையில் ஒன்றுகூட வேண்டாம். பிறகு ஸ்லைடைக் கழற்றி, பேரலையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிடுங்கள். கையில் வெறும் ஸ்லைடு மட்டும் மிஞ்ச வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெர்னியர் காலிப்பரால் பின் சைட்டின் இடது ஓரத்திலிருந்து ஸ்லைடின் இடது ஓரம்வரை ஓர் அளவு, வலதிலும் அதேபோல ஓர் அளவு. பழைய சைட் சரியாகச் சுட்டுக்கொண்டிருந்தது என்றால் இந்த இரண்டு எண்கள் உங்கள் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். இதைத் தவறவிட்டவர்கள்தான் பிறகு வெடிக்களத்தில் நின்று தோட்டாவைக் கரைக்கிறார்கள்.

பெரும்பாலான பின் சைட்டுகள் டவ்டெயில் என்று சொல்லும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். வாய் குறுகி அடி அகன்ற பள்ளம் அது. மேலே தூக்க முடியாது, பக்கவாட்டில்தான் தள்ள வேண்டும். தள்ளும் முன் சைட்டின் மேலே கிரப் ஸ்க்ரூ என்ற தலையில்லாத சிறிய ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் ஆலன் கீ போட்டு அதைத் தளர்த்த வேண்டும். இறுக்கிய ஸ்க்ரூவோடு சுத்தியலால் அடித்தால் பள்ளத்தின் அடித்தரை கீறிப்போகும். ஸ்க்ரூ பசையால் ஒட்டியிருந்தால் சூடுபடுத்தச் சொல்வார்கள். சாதாரண இரும்பு சைட்டுக்கு அது சரி, டிரிட்டியம் உள்ளதற்கு வேண்டாம். நெருப்புக்கும் அந்தக் கண்ணாடிக்கும் ஆகாது.

எந்தப் பக்கம் தள்ளுவது? துப்பாக்கியைச் சுடுவதுபோலப் பிடித்துப் பார்க்கும்போது இடமிருந்து வலமாகக் கழற்றி, வலமிருந்து இடமாக மாட்டுவது பரவலான வழக்கம். ஆனால் எல்லோரும் அதைப் பின்பற்றுவதில்லை. உங்கள் மாடலின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி போன்ற சில பிஸ்டல்களில் பின் சைட்டுக்கு அடியில் தோட்டாவை இடித்து வெடிக்கவைக்கும் ஸ்ட்ரைக்கரைத் தடுக்கும் பாதுகாப்பு ஊசியின் ஸ்பிரிங்கும் அதன் சின்ன மூடியும் ஒளிந்திருக்கும். சைட்தான் அவற்றை அமுக்கி வைத்திருக்கிறது. சைட் விலகியதும் அவை துள்ளி அறையின் ஏதோ ஒரு மூலைக்குப் போய்விடும். அந்த மூடி இல்லாமல் துப்பாக்கியைச் சேர்க்கவே கூடாது. விரலால் அமுக்கிக்கொண்டே சைட்டை நகர்த்துங்கள்.

கருவி என்று பார்த்தால் சைட் புஷர் என்ற திருகுச் சட்டம்தான் உத்தமம். ஸ்லைடை அதில் பூட்டித் திருகினால் சைட் மெதுவாக நகரும். அதிர்ச்சி இல்லை, கீறல் இல்லை. அது இல்லையென்றால் வாயில் மரமோ நைலானோ வைத்த வைஸ் (பிடிப்புக் கருவி), பித்தளை பஞ்ச் (தட்டித் தள்ளும் சிறு கம்பி), நடுத்தர எடையுள்ள சுத்தியல். எஃகு பஞ்ச் வேண்டாம். பித்தளை ஸ்லைடில் மஞ்சள் தீற்றலை விடும், எண்ணெய்த் துணியால் தேய்த்தால் போய்விடும். பஞ்ச் முனையை சைட்டின் அடிப்பகுதியில், பள்ளத்துக்கு ஒட்டி வையுங்கள். மேலே அடித்தால் சைட் சாயும். புள்ளிக்குப் பக்கத்தில் அடித்தால் குழாய் உடையும். தயங்கித் தயங்கிப் பத்துத் தட்டு தட்டுவதைவிட உறுதியாக ஒரு தட்டு நல்லது.

மாட்டுவது

புதிய பின் சைட் கையால் தள்ளினால் பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி தூரம் நுழைய வேண்டும். மீதியைக் கருவிதான் தள்ள வேண்டும். முனைகூட நுழையவில்லை என்றால் சைட்டின் அடிப்பக்கத்தை மெல்லிய அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து மறுபடி பாருங்கள். அரம் படுவது எப்போதும் சைட்டின் மேல்தான், ஸ்லைடின் மேல் படக் கூடாது. சைட்டைக் கெடுத்தால் இன்னொன்று வாங்கலாம்; ஸ்லைடின் பள்ளம் அகன்றுவிட்டால் அதன்பின் எந்த சைட்டும் உட்காராது. மாறாக, விரலாலேயே கடைசிவரை வழுக்கிக்கொண்டு போனால் அந்த சைட் உங்கள் ஸ்லைடுக்கு உரியது அல்ல. பசை போட்டு ஒப்பேற்றலாம் என்று தோன்றும், ஒப்பேற்றாதீர்கள்.

சைட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, எழுதி வைத்த அளவோடு ஒப்பிடுங்கள். கிரப் ஸ்க்ரூவை இப்போதைக்கு லேசாக மட்டும் முடுக்குங்கள், ஜீரோ முடியும்வரை.

முன் சைட் சிலவற்றில் டவ்டெயில். அதற்கும் இதே முறைதான். குளோக் வகையில் ஸ்லைடின் உட்புறமிருந்து ஒரு குட்டி அறுகோண ஸ்க்ரூ பிடித்திருக்கும். அதற்கு மெல்லிய சுவருள்ள 3/16 அங்குல நட் டிரைவர் வேண்டும். சாதாரண சாக்கெட் அந்த இடுக்கில் நுழையாது. புதிய ஸ்க்ரூவின் மரையில் நீல நிற லாக்டைட் (மரையைப் பிடித்துக்கொள்ளும் பசை) ஒரு துளி. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு தேவைப்படும், சூடு கூடாது என்று ஏற்கெனவே பார்த்தோம். முடுக்கும்போது மறுகையால் சைட்டை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூவோடு சேர்ந்து அதுவும் திரும்பப் பார்க்கும். இறுகியது போதும் என்று விரலுக்குத் தெரிந்ததும் நிறுத்துங்கள். இந்த ஸ்க்ரூ மிகச் சிறியது. இன்னும் கொஞ்சம் என்று நினைக்கும்போதுதான் அது முறியும். லாக்டைட் முழுசாகக் காய ஒரு நாள் விடுங்கள். அப்புறம் பேரலை உள்ளே வைத்து ஸ்லைடைச் சேர்த்து, ஸ்க்ரூ தலையில் பேரல் உரசுகிறதா என்று பாருங்கள்.

ஜீரோ செய்வது

கணக்கு எளிமையானது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். குளோக் 17-இல் அது 165 மில்லிமீட்டர். தோட்டா எவ்வளவு விலகி விழுகிறதோ அதை இந்த இடைவெளியால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால், சைட்டை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது கிடைக்கும். 15 மீட்டரில் 75 மில்லிமீட்டர் இடது பக்கம் விழுகிறது என்று வையுங்கள். 75-ஐ 165-ஆல் பெருக்கி 15,000-ஆல் வகுத்தால் சுமார் 0.83 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுவாரசியம். சைட் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 25 மீட்டரில் தோட்டா சுமார் 150 மில்லிமீட்டர் நகரும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஒரு தாளின் கனம், அங்கே 15 மில்லிமீட்டர். பின் சைட் உயரத்தில் அந்த 0.4 மில்லிமீட்டர் படி 25 மீட்டரில் 60 மில்லிமீட்டர் ஆகிறது. குட்டி பிஸ்டல்களில் இடைவெளி குறைவு என்பதால் அதே நகர்த்தலுக்கு விலகல் இன்னும் பெரிதாகும். "கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம்" என்ற முறையை நான் நம்பாததற்குக் காரணம் இந்த எண்கள்தான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காலிப்பரைக் கையில் எடுங்கள்.

திசை: பின் சைட்டை, தோட்டா எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன் சைட் இதற்கு நேர் எதிர். இடது பக்கம் விழுந்தால் பின் சைட் வலது பக்கம் போக வேண்டும், அல்லது முன் சைட் இடது பக்கம். உயரத்துக்கும் இதே விதி. மேலே விழுந்தால் பின் சைட்டைத் தாழ்த்த வேண்டும், அல்லது முன் சைட் உயரமாக வேண்டும். பெரும்பாலான நைட் சைட்டுகளில் உயரத்தைத் திருக முடியாது. வேறு உயரமுள்ள சைட்டை வாங்கி மாட்டுவதுதான் வழி. முன் சைட்டை அரத்தால் குறைப்பது பழைய இரும்பு சைட்டுகளுக்கு நடக்கும்; நைட் சைட்டில் உள்ளே கண்ணாடி இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது வேலை. முதல் வேலை, விலகலுக்குக் காரணம் சைட்தானா என்று உறுதி செய்வது. வலதுகைக்காரர் டிரிகரை இழுக்கும்போது கை முழுவதையும் சேர்த்து இறுக்கினால் தோட்டா இடது பக்கம் கீழே விழும். சத்தத்தை எதிர்பார்த்து முன்கூட்டியே கையை அமுக்கினாலும் கீழே விழும். இந்தப் பழக்கத்தை சைட்டை நகர்த்தித் திருத்த முடியாது. நகர்த்தினால், பழக்கம் சரியாகும் நாளில் துப்பாக்கி தப்பாகிவிடும்.

அதனால் மணல்மூட்டையின் மேல் கையைத் தாங்கி, 15 மீட்டர் தூரத்தில், அவசரமில்லாமல் ஐந்து சுடுங்கள். ஐந்தின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாக ஓடிப்போன ஒன்றை விட்டுவிடலாம். இப்படி இரண்டு மூன்று கூட்டம் சுட்டபின் எல்லாம் ஒரே பக்கம் விலகி நின்றால்தான் சைட்டின் மேல் சந்தேகம் வரலாம். கூட்டமே சிதறி இருந்தால் சைட்டைத் தொடாதீர்கள். நடு எது என்றே தெரியாதபோது எதை நகர்த்துவது? நன்றாகச் சுடத் தெரிந்த இன்னொருவரிடம் அதே துப்பாக்கியைக் கொடுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. அவருடைய தோட்டாவும் அதே இடத்தில் விழுந்தால் துப்பாக்கியைத் திருத்தலாம். நடுவில் விழுந்தால், வருத்தமாக இருந்தாலும், திருத்த வேண்டியது வேறு.

தோட்டாவின் எடையும் உயரத்தை மாற்றும். 9 மி.மீ. பிஸ்டலில் 115 கிரெயின் (தோட்டாவின் எடை அளவு) தோட்டாவைவிட 147 கிரெயின் தோட்டா மெதுவாகப் போகும். அது பேரலை விட்டு வெளியேறும் முன் முனை கொஞ்சம் கூடுதலாக எழும்பியிருக்கும். அதனால் பிஸ்டல் தூரங்களில் கனமான தோட்டா பொதுவாகச் சற்று மேலே விழும். கடைசியில் எதை நிரப்பி வைக்கப் போகிறீர்களோ அதை வைத்தே ஜீரோ செய்யுங்கள்.

முன் சைட்டை இலக்கின் எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்பதும் உண்டு. சில தயாரிப்பாளர்கள் மேல்விளிம்பில் தோட்டா விழும்படி சைட்டை அமைப்பார்கள். சிலர் புள்ளி மறைக்கும் இடத்திலேயே விழும்படி அமைப்பார்கள். முதல் வகைக்குப் பழகிய ஒருவர் இரண்டாவது வகையை வாங்கினால் எல்லாம் கீழே விழுகிறது என்று புலம்புவார். உயரத்தில் குறை சொல்லும் முன் அந்த சைட்டின் குறிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரி, எல்லாம் நடுவில் விழுகிறது. இப்போது கிரப் ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு துளி நீல லாக்டைட் வைத்து முடுக்குங்கள். சைட்டும் ஸ்லைடும் சேரும் இடத்தில் பெயிண்டால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். என்றாவது சைட் நகர்ந்தால் கோடு முறிந்து தெரியும். முதல் நூறு தோட்டாவுக்குப் பிறகு அந்தக் கோட்டையும் முன் சைட் ஸ்க்ரூவையும் ஒருமுறை பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் காலி செய்த பிஸ்டலோடு அரை இருட்டில் நின்று, புள்ளிகளைக் கோட்டில் நிறுத்தி, அப்படியே அசையாமல் விளக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். விளிம்புகளும் மட்டத்தில் இருந்தால் நல்ல சைட். சின்ன வித்தியாசம் இருந்தால் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய சைட்டை என்ன செய்வது?

குப்பையில் போடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கினாலும் உள்ளே டிரிட்டியம் இருக்கத்தான் செய்கிறது. தயாரிப்பாளருக்கோ, கதிரியக்கப் பொருளை வாங்கிக்கொள்ளும் அமைப்புக்கோ திருப்பிக் கொடுப்பதுதான் முறை. சில தயாரிப்பாளர்கள் பழைய சைட்டிலேயே புதிய விளக்குக் குழாய் பொருத்தியும் தருகிறார்கள். அந்தக் குழாயை நீங்களே குத்தி எடுக்க முயல வேண்டாம். அஞ்சலில் அனுப்பும் முன்பும் எல்லை தாண்டும் முன்பும் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையின் நடுவில் குழாய் உடைந்துவிட்டால் பதற வேண்டாம். உள்ளே இருப்பது மிகச் சிறிய அளவு. லேசான வாயு என்பதால் காற்றில் கலந்துபோகும். ஜன்னல்களைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள். சற்று நேரம் கழித்து வந்து, கையுறை போட்டுக்கொண்டு துண்டுகளைப் பையில் போட்டு மூடுங்கள். சோப்பால் கையைக் கழுவுங்கள். நீராவியோடு சேர்ந்த டிரிட்டியம் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் என்பதால்தான் இந்தக் கவனம். போனாலும் உடலில் உள்ள தண்ணீரோடு சேர்ந்து ஏறக்குறைய பத்து நாளில் பாதி வெளியேறிவிடும்.

இதற்கு நேர்மாறானது ரேடியம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கடிகார முட்களுக்கும் சில ஆயுதங்களின் சைட்டுகளுக்கும் ரேடியம் கலந்த பெயிண்ட் பூசினார்கள். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ஒளிரும் பொடி எப்போதோ செத்துப்போயிருக்கும், கதிரியக்கம் அப்படியே இருக்கும். பழங்கால ஆயுதம் ஒன்றில் எரியாத, பழுப்பேறிய ஒளிப்பெயிண்ட் பூச்சைக் கண்டால் சுரண்டிப் பார்க்காமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

புதிய சைட்டின் தயாரிப்பு ஆண்டை மட்டும் துப்பாக்கியின் பராமரிப்பு நோட்டில் எழுதி வையுங்கள். எட்டாவது ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்த இருட்டறைச் சோதனையைச் செய்தால் போதும்.